பெர்மிஷன் தகராறா, சர்வீஸ் தகராறா? விபிஎஸ் சர்வரில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

கம்பம், குமுளி, வண்டன்மேடு பக்கத்தில் சைட் வைத்திருப்பவர்கள் யாரென்று பார்த்தால் லாட்ஜ்காரர், ஜீப் சவாரி விடுபவர், ஏலக்காய்க் கடைக்காரர், ஹோம்ஸ்டே நடத்துபவர். சின்னதாக ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கிற மெய்நிகர் சர்வர்), ஒரு ஜிபி அல்லது இரண்டு ஜிபி ரேம், அதில் நாலைந்து சைட். செட்டப் செய்து கொடுத்த பையன் கொச்சிக்கோ கோவைக்கோ வேலைக்குப் போய்விடுவான். அதற்கப்புறம் பாஸ்வேர்டு தெரிந்தவர் எல்லாம் அட்மின். கடை கணக்குப்பிள்ளை ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள யூசராக) நுழைந்து விலைப்பட்டியல் ஏற்றுவார், இன்னொருவர் யூடியூப் பார்த்து, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தருகிற 777 போடுவார், கடைசியில் "அண்ணே, சைட்டு தெறக்க மாட்டேங்குது" என்று போன் வரும்.

அந்த மாதிரிப் போன்களில் திரும்பத் திரும்ப வருகிற அறிகுறிகளுக்கான வழி இது. உபுண்டு, டெபியன், அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்கிற ஓஎஸ் நான்குக்கும் பொருந்தும். வித்தியாசம் வருகிற இடத்தில் சொல்கிறேன். கட்டளைகளைப் போனில் சொல்வதைப் போல ஒலிப்படி எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்து. நான் பெரிய எழுத்து என்று சொன்னால் மட்டும் பெரிய எழுத்து.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை ஒன்றுதான்: எந்த யூசர் எந்தக் கோப்பைக் கேட்டு எந்த இடத்தில் மறுக்கப்படுகிறார் என்று கண்டுபிடிப்பது. நீங்கள் எஸ்எஸ்எச்சில் (தூரத்தில் இருந்து சர்வருக்குள் போகிற வழி) நுழைகிற யூசர் வேறு, என்ஜின்எக்ஸ் (பக்கங்களை அனுப்புகிற வெப் சர்வர்) ஓடுகிற யூசர் வேறு, பிஎச்பி (சைட்டின் நிரல்) ஓடுகிற யூசர் வேறு. "நான் திறந்தால் கோப்பு திறக்கிறதே" என்பதால் ஒன்றும் நிரூபணமாகாது. ரூட்டாக நின்று பார்த்தால் எல்லாமே திறக்கும். "பிஎஸ் ஆக்ஸ்" அடித்தால் முதல் பத்தியில் ஒவ்வொரு புராசஸும் (ஓடுகிற புரோகிராமும்) யார் பெயரில் ஓடுகிறது என்று வரும். உபுண்டு, டெபியனில் வெப் சர்வரின் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. அல்மா, ராக்கியில் என்ஜின்எக்ஸ் என்றால் என்ஜின்எக்ஸ், அப்பாச்சி என்றால் அப்பாச்சி.

அறிகுறி: சைட்டில் 403 ஃபார்பிடன்

முதலில் எரர் லாக்: "டெயில் -எஃப் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக்" ஓடவிட்டு, போனில் சைட்டை ஒரு தரம் ரிஃப்ரெஷ் செய்யுங்கள். வருகிற வரி இரண்டு வகையில் ஒன்றாக இருக்கும்.

"டைரக்டரி இண்டெக்ஸ் ஆஃப் ... இஸ் ஃபார்பிடன்" என்று வந்தால் அது பெர்மிஷன் பிரச்சினையே கிடையாது. அந்த ஃபோல்டரில் இண்டெக்ஸ் கோப்பு இல்லை, அல்லது கான்ஃபிகில் இண்டெக்ஸ் என்று எழுதிய பெயர் வேறு. சைட் கோப்புகளை ஜிப்பாக ஏற்றி விரித்தபோது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டராக உட்கார்ந்துவிடுவது இதற்கு வழக்கமான காரணம்.

"13: பெர்மிஷன் டினைடு" என்று வந்தால்தான் பெர்மிஷன். அப்போதும் கோப்பின் பெர்மிஷனை மட்டும் முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் ரூமைத் திறந்து வைத்துவிட்டு ரோட்டோரக் கேட்டைப் பூட்டியிருந்தால் வேலையாள் உள்ளே வர முடியாதல்லவா, அதே கதைதான். கோப்புக்குப் போகிற பாதையில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்ஸ் என்கிற நுழைவு அனுமதி வெப் சர்வரின் யூசருக்கு இருக்க வேண்டும். ஒரு படியில் இல்லையென்றாலும் 13தான்.

பாதை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுகிற கட்டளை "நேம்ஐ -எல்". பின்னால் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். லாட்ஜ் என்ற யூசரின் சைட்டுக்கு அடித்தால், எழுத்துகளை எண்ணாக்கிப் படிக்கும்போது, இப்படி வரும்:

/ — 755, ரூட்
ஹோம் — 755, ரூட்
லாட்ஜ் — 750, லாட்ஜ்
சைட் — 755, லாட்ஜ்
இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் — 644, லாட்ஜ்

மூன்றாவது வரிதான் குற்றவாளி. 750 என்றால் சொந்தக்காரருக்கு எல்லாம், குழுவுக்குப் படிக்கவும் நுழையவும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா அந்த "மற்றவர்" பட்டியலில் நிற்கிறது. உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாக்குகிற ஹோம் ஃபோல்டர் எல்லாம் 750தான். அதற்கு முன்பு 755. பழைய சர்வரில் ஓடிய சைட்டை அப்படியே புது சர்வருக்கு மாற்றியதும் 403 அடிப்பதன் ரகசியம் பெரும்பாலும் இது.

சரிசெய்ய மூன்று வழி. ஹோம் ஃபோல்டருக்கு 711 கொடுக்கலாம்: வெளியார் கடந்து போகலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது. அல்லது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவை லாட்ஜ் குழுவில் சேர்க்கலாம். சேர்த்த பிறகு என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்ய மறக்கக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கிற புராசஸ் புதிய குழுவைத் தானாக எடுத்துக்கொள்ளாது. எனக்குப் பிடித்தது மூன்றாவது: "செட்எஃப்ஏசிஎல் -எம் யு:டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா:எக்ஸ் /ஹோம்/லாட்ஜ்". அந்த ஒரு யூசருக்கு மட்டும் நுழைவு. ஒரே சர்வரில் நாலு பேர் சைட் இருக்கும்போது ஒருவர் ஃபோல்டரை இன்னொருவர் எட்டிப் பார்க்காமல் இருப்பது முக்கியம்.

கோப்புகளின் பெர்மிஷனே கலைந்து கிடந்தால், ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்று தனித்தனியாகப் போட வேண்டும். "ஃபைண்ட் . -டைப் டி" என்று ஃபோல்டர்களை மட்டும் பிடித்து ஒரு சிஎச்மாட் (பெர்மிஷனை மாற்றுகிற கட்டளை), "-டைப் எஃப்" என்று கோப்புகளைப் பிடித்து இன்னொன்று. மொத்தமாக "சிஎச்மாட் -ஆர் 755" (ஆர் பெரிய எழுத்து) அடித்தால் படங்களும் டெக்ஸ்ட் கோப்புகளும்கூட இயக்கக்கூடியவை ஆகிவிடும். மொத்தமாக 644 அடித்தால் ஃபோல்டர்களின் எக்ஸ் போய் சைட் முழுவதும் 403 ஆகும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிற கோப்புக்கு, வேர்ட்பிரஸ் என்றால் டபிள்யூபி-கான்ஃபிக், 640 போதும். அதன் குழுவில் பிஎச்பியின் யூசர் இருக்கட்டும்.

777 போட்டதும் சைட் திறந்துவிட்டதா? அப்படியானால் பிரச்சினை சொந்தக்காரர் அல்லது குழுவில் இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. உடனே பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு சொந்தக்காரரை மாற்றுகிற "சிஎச்ஓன்" பக்கம் போங்கள். அதை அப்படியே விட்டால், பக்கத்து சைட்டின் ஒரு பழைய பிளகின் வழியாக நுழைந்தவன் உங்கள் சைட்டிலும் எழுதிவிட்டுப் போவான்.

அல்மா, ராக்கியில் எல்லா எண்ணும் சரியாக இருந்தும் 403 விடாமல் வந்தால், பெர்மிஷனுக்கு மேல் இன்னொரு பூட்டான எஸ்இலினக்ஸைப் பாருங்கள். "எல்எஸ் -இசட்" (இசட் பெரிய எழுத்து) அடித்தால் ஒவ்வொரு கோப்பின் லேபிளும் வரும். வெப் கோப்புக்கு எச்டிடிபிடி_சிஸ்_கண்டென்ட்_டி என்று இருக்க வேண்டும். ஹோம் ஃபோல்டரில் இருந்து "எம்வி" போட்டு நகர்த்திய கோப்பு பழைய லேபிளைத் தூக்கிக்கொண்டே வரும். "சிபி" போட்டு நகல் எடுத்தால் புது இடத்தின் லேபிள் கிடைக்கும். மருந்து: "ரெஸ்டோர்கான் -ஆர்வி /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ" (ஆர் பெரிய எழுத்து). எஸ்இலினக்ஸை நிரந்தரமாக அணைக்கச் சொல்கிற வீடியோக்கள் ஏராளம். சோதனைக்கு ஒரு நிமிடம் "செட்என்ஃபோர்ஸ் 0" போட்டுப் பார்க்கலாம், பார்த்ததும் 1க்குத் திருப்பிவிடுங்கள்.

அறிகுறி: வேர்ட்பிரஸ் அப்டேட் கொடுத்தால் எஃப்டிபி பாஸ்வேர்டு கேட்கிறது

கோப்புகள் லாட்ஜ் என்ற யூசருடையவை, பிஎச்பி ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பெயரில். வேர்ட்பிரஸ் ஒரு சோதனைக் கோப்பை உருவாக்கிப் பார்க்கிறது. சொந்தக்காரர் பொருந்தவில்லை என்றதும் எஃப்டிபி கேட்கிறது. கான்ஃபிகில் ஒரு வரி சேர்த்து அந்தக் கேள்வியை மறைத்துவிடலாம், ஆனால் எழுதும் உரிமை இல்லையென்றால் அப்டேட் பாதியில் நிற்கும். சரியான வழி, ஒவ்வொரு சைட்டுக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மில் (பிஎச்பியை ஓட்டுகிற சர்வீஸ்) தனிப் பூல் (தனிப் புராசஸ் கூட்டம்) வைத்து, அந்தப் பூலின் யூசராக அந்த சைட்டின் சொந்தக்காரரைப் போடுவது. முதல் தரம் கொஞ்சம் வேலை. ஆனால் அதற்கப்புறம் ஏலக்காய்க் கடை சைட் ஹேக் ஆனாலும் லாட்ஜ் சைட்டின் கோப்பைத் தொட முடியாது.

அறிகுறி: 502 பேட் கேட்வே

என்ஜின்எக்ஸ் நலமாக இருக்கிறது. அதன் பின்னால் இருக்கிற பிஎச்பி அல்லது நோட் ஆப்தான் (ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதிய சர்வர் புரோகிராம்) பதில் சொல்லவில்லை. அதனால் என்ஜின்எக்ஸைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்வதில் பலனில்லை. எரர் லாக்கில் அடைப்புக்குள் இருக்கிற எண்ணைப் பாருங்கள்.

எண் 2 என்றால், என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் பேசிக்கொள்கிற கதவான சாக்கெட் கோப்பே அங்கு இல்லை. உபுண்டு 22.04இல் வருவது பிஎச்பி 8.1, 24.04இல் வருவது 8.3. ஓஎஸ்ஸை உயர்த்தியதும் சாக்கெட்டின் பெயரில் இருக்கிற பதிப்பு எண்ணும் மாறிவிடும், என்ஜின்எக்ஸ் கான்ஃபிகோ பழைய பெயரையே தேடும். "எல்எஸ் /ரன்/பிஎச்பி" அடித்து உண்மையான பெயரைப் பார்த்து கான்ஃபிகை மாற்றி, "என்ஜின்எக்ஸ் -டி" என்று சரிபார்த்து, பிறகு ரீலோடு.

எண் 13 என்றால் சாக்கெட் இருக்கிறது, தொட அனுமதி இல்லை. மேலே சொன்ன தனிப் பூல் வைக்கும்போது பலர் தடுக்கி விழுகிற இடம் இது. பூல் கோப்பில் யூசர், குரூப் இரண்டும் லாட்ஜ், ஆனால் லிசன்.ஓனர், லிசன்.குரூப் இரண்டும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாகவே இருக்க வேண்டும், லிசன்.மோட் 0660. முதல் ஜோடி பிஎச்பி யாராக ஓடுகிறது என்பது, இரண்டாவது ஜோடி அந்தக் கதவை யார் தட்டலாம் என்பது. இரண்டையும் ஒன்றாக்கி லாட்ஜ் என்று எழுதினால் 502.

எண் 111 என்றால் அந்த போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை. நோட் ஆப் செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள். அல்மா, ராக்கியில் 127.0.0.1 போர்ட் 3000க்கு 13 வந்தால் மட்டும் தனிக் கதை: எஸ்இலினக்ஸ் வெப் சர்வரை வெளித்தொடர்பு கொள்ள விடவில்லை. "செட்எஸ்இபூல் -பி எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் 1" (பி பெரிய எழுத்து) அடித்தால் தீரும்.

அறிகுறி: சர்வீஸ் ஸ்டார்ட் ஆகவில்லை

"சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்" என்று அடித்து சர்வீஸ் பெயரைக் கொடுங்கள். சிவப்பில் ஃபெயில்டு என்று பார்த்தவுடன் கூகிளுக்கு ஓட வேண்டாம். அதே திரையில் ஸ்டேட்டஸ் என்று ஒரு எண்ணும் பக்கத்தில் ஒரு சொல்லும் இருக்கும். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

217, யூசர்: யூனிட் கோப்பில் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்கிற கோப்பு) எழுதிய யூசர் இந்த சர்வரில் இல்லை. வேறு சர்வரில் இருந்து யூனிட் கோப்பை நகலெடுத்தால் வருவது.

200, சிஎச்டிஐஆர்: வொர்க்கிங் டைரக்டரி என்று கொடுத்த ஃபோல்டர் இல்லை, அல்லது அந்த யூசரால் அதற்குள் நுழைய முடியவில்லை. திரும்பவும் நேம்ஐ.

203, எக்ஸிக்: இயக்கச் சொன்ன கோப்பை இயக்க முடியவில்லை. பாதை தவறு, அல்லது எக்ஸ் அனுமதி இல்லை. இரண்டும் சரியென்றால் கோப்பை எங்கே எழுதினார்கள் என்று கேளுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் எழுதி ஏற்றிய ஸ்கிரிப்ட்டில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். முதல் வரியில் இருக்கிற பேஷ் என்ற பெயரோடு அதுவும் ஒட்டிக்கொள்ள, அப்படி ஒரு புரோகிராம் இல்லை என்று லினக்ஸ் சொல்லிவிடும். "ஃபைல்" கட்டளையில் சிஆர்எல்எஃப் என்று காட்டினால் அதுதான். "டாஸ்2யுனிக்ஸ்" போட்டால் சரி.

யூனிட் கோப்பைத் திருத்திய ஒவ்வொரு தரமும் "சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு". இல்லையென்றால் பழைய கோப்பே ஓடும், நீங்கள் திருத்தித் திருத்திக் களைத்துப்போவீர்கள். விழுந்து எழுந்து விழுகிற சர்வீஸை, இயல்பு அமைப்பில் 10 விநாடிக்குள் 5 தரம் ஸ்டார்ட் ஆனால் சர்வீஸ்களை மேய்க்கிற சிஸ்டம்டி கைவிட்டுவிடும். ஸ்டார்ட்-லிமிட்-ஹிட் என்று வரும். அது காரணமல்ல, விளைவு. "ஜர்னல்சிடிஎல் -யு" போட்டு சர்வீஸ் பெயரைக் கொடுத்து, முதலில் விழுந்த இடம் வரை மேலே போய்ப் படியுங்கள். சரிசெய்த பிறகு "ரீசெட்-ஃபெயில்டு" போட்டு ஸ்டார்ட்.

98, அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ் என்றால் அந்த போர்ட்டில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். "எஸ்எஸ் -எல்டிஎன்பி" ரூட்டாக அடித்தால் யாரென்று பெயரோடு வரும். 80இல் அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் அடித்துக்கொள்வது பழைய கதை. பேனல் ஏதாவது நிறுவும்போது அப்பாச்சியும் கூடவே வந்திருக்கும். வேண்டாததை ஸ்டாப் மட்டும் செய்தால் போதாது, டிசேபிள் செய்யுங்கள்.

கையால் ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது, சர்வர் ரீபூட் ஆனால் எழுவதில்லை என்றால் எனேபிள் செய்யவில்லை. "எனேபிள் --நவ்" என்று ஒரே அடியில் இரண்டையும் முடிக்கலாம்.

நம் பக்கத்து நம்பிக்கை ஒன்று: மழையில் கரன்ட் போனதால் சர்வர் நின்றுவிட்டதாம். சர்வர் இருப்பது மும்பையிலோ பெங்களூரிலோ. குமுளி கரன்ட்டுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மழை கெடுப்பது வேறொன்றை. அப்கிரேடு ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் நெட் அறுந்தால் எஸ்எஸ்எச் சாகும், அதோடு அப்கிரேடும் பாதியில் செத்திருக்கலாம். உபுண்டு, டெபியனில் திரும்ப நுழைந்து "டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" அடியுங்கள். ஆனி, ஆடி மாதத்தில் டிமக்ஸ் (நெட் அறுந்தாலும் கட்டளையை ஓடவிடுகிற கருவி) திறக்காமல் அப்கிரேடு கொடுக்கவே கூடாது.

அறிகுறி: எஸ்எஸ்எச்சில் நுழைய முடியவில்லை

மூன்று விதமான மறுப்பை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். டைம்டு அவுட் என்றால் ஃபயர்வால், அல்லது ஐபி தவறு. ரெஃப்யூஸ்டு என்றால் அந்த போர்ட்டில் எஸ்எஸ்எச் இல்லை, அல்லது தப்பான லாகின்களைத் தடுக்கிற ஃபெயில்2பேன் உங்களைத் தடுத்திருக்கிறது. ஆபீஸ் வைஃபையில் யாரோ ஒருவர் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாக அடித்தால் அந்த வைஃபையில் இருக்கிற எல்லோருக்கும் தடை விழும். இயல்பு அமைப்பில் 10 நிமிடம். மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள், நுழைந்துவிட்டால் காரணம் அதுவே.

பெர்மிஷன் டினைடு, பப்ளிக்கீ என்றால் சர்வர் உங்களைப் பார்த்துவிட்டது, கீயை ஏற்கவில்லை. ஹோஸ்டிங் பேனலில் இருக்கிற கன்சோல் வழியாக உள்ளே போய் "ஜர்னல்சிடிஎல் -யு எஸ்எஸ்எச்" பாருங்கள், அல்மாவில் எஸ்எஸ்எச்டி. "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்" என்ற வரி இருந்தால், யாரோ ஹோம் ஃபோல்டருக்கு 777 அல்லது 775 போட்டிருக்கிறார்கள். வேறொருவர் எழுதக்கூடிய ஃபோல்டரில் இருக்கிற கீயை எஸ்எஸ்எச் நம்பாது, நம்பவும் கூடாது. ஹோமில் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் எழுதும் அனுமதியை எடுங்கள். டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, ஆத்தரைஸ்டு_கீஸ் 600, இரண்டும் அந்த யூசரின் பெயரில். ரூட்டாக நின்று உருவாக்கிய ஃபோல்டர் ரூட் பெயரிலேயே இருந்துவிடுவது சகஜம்.

பாஸ்வேர்டு லாகினை மாற்றியும் மாறவில்லை என்றால், எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி ஃபோல்டரில் 50-கிளவுட்-இனிட் என்ற கோப்பைத் தேடுங்கள். எஸ்எஸ்எச்டி ஒரே அமைப்பை இரண்டு இடத்தில் கண்டால் முதலில் படித்ததையே எடுத்துக்கொள்ளும். உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று "எஸ்எஸ்எச்டி -டி" (டி பெரிய எழுத்து) சொல்லும். உபுண்டு 22.10 முதல் போர்ட் எண்ணை மாற்றினால் டீமன்-ரீலோடு செய்து எஸ்எஸ்எச்.சாக்கெட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். எந்த மாற்றமானாலும், திறந்திருக்கிற ஜன்னலை மூடாமல் இரண்டாவது ஜன்னலில் நுழைந்து பார்த்துவிட்டு முதலாவதை மூடுங்கள்.

அறிகுறி: சூடோ வேலை செய்யவில்லை

நேற்று வரை இருந்த சூடோ (ரூட் உரிமையோடு கட்டளை ஓட்டும் வசதி) இன்று இல்லை என்றால், யாரோ அந்த யூசரை இன்னொரு குழுவில் சேர்த்திருக்கிறார்கள். "யூசர்மாட் -ஜி" (ஜி பெரிய எழுத்து) மட்டும் அடித்தால் பழைய குழுக்கள் எல்லாம் அழிந்து புதியது மட்டும் நிற்கும். "-ஏஜி" என்று ஏ சேர்த்தால்தான் கூடுதலாகச் சேரும். கன்சோலில் ரூட்டாகப் போய் அவரைச் சேர்த்துவிடுங்கள்: உபுண்டு, டெபியனில் சூடோ குழு, அல்மா, ராக்கியில் வீல் குழு. பிறகு வெளியே வந்து மறுபடி நுழைய வேண்டும். நுழையாமலே "இன்னும் வரலையே" என்று கேட்பவர்கள் உண்டு.

கடை ஆளுக்கு ஒரே ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும் உரிமை மட்டும் கொடுக்க வேண்டுமா? "விசூடோ -எஃப்" கொண்டு சூடோயர்ஸ்.டி ஃபோல்டரில் தனிக் கோப்பாக எழுதுங்கள். அந்தக் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும், கடை.கான்ஃப் என்று பெயர் வைத்துவிட்டு முடியைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சிஸ்டம்சிடிஎல்லின் முழுப் பாதை, ரீஸ்டார்ட், சர்வீஸ் பெயர் என மூன்றையும் முழுதாக எழுதுங்கள். நட்சத்திரக் குறி போடாதீர்கள். ஸ்டேட்டஸை சூடோவில் சேர்க்கவே வேண்டாம். அது சூடோ இல்லாமலே ஓடும், சேர்த்தால் பழைய பதிப்புகளில் பேஜர் (பக்கம் பக்கமாகக் காட்டுகிற புரோகிராம்) வழியாக ரூட் ஷெல்லுக்கு ஓட்டை விழும்.

அறிகுறி: எஸ்எஃப்டிபியில் நுழைந்தவுடன் வெளியே தள்ளுகிறது

புற்றடியிலும் போடியிலும் ஏலம் முடிந்ததும் விலையை ஏற்றுகிற ஆளுக்கு முழு எஸ்எஸ்எச் தேவையில்லை. ஒரு ஃபோல்டருக்குள் அடைத்த எஸ்எஃப்டிபி (கோப்பு மட்டும் ஏற்றும் வழி) போதும். அடைத்த பிறகு பாஸ்வேர்டு சரியாக இருந்தும் தொடர்பு அறுகிறது என்றால், சிஎச்ரூட் ஃபோல்டரின் (அவரை அடைத்த ஃபோல்டர்) சொந்தக்காரர் ரூட் இல்லை. அந்த ஃபோல்டரும் அதற்கு மேலே இருக்கிற எல்லாப் படியும் ரூட்டுடையதாக இருக்க வேண்டும், வேறு யாருக்கும் எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. "ரூட்டுக்குக் கொடுத்துவிட்டால் அவர் எங்கே எழுதுவார்?" உள்ளே விலை என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு அதை அவர் பெயரில் கொடுங்கள்.

இரண்டு பேர் ஒரே ஃபோல்டரில் ஏற்றும்போது ஒருவர் கோப்பை மற்றவர் திருத்த முடியாமல் போகும். இருவரையும் ஒரு குழுவில் போட்டு ஃபோல்டருக்கு 2775 கொடுங்கள். முன்னால் இருக்கிற 2 புதிய கோப்புகளுக்கும் அதே குழுவைக் கொடுக்கும். குழுவுக்கு எழுதும் அனுமதி கோப்பில் வருவதற்கு, இன்டர்னல்-எஸ்எஃப்டிபிக்குப் பின்னால் "-யு 0002" என்று யூமாஸ்க்கையும் (புதுக் கோப்பில் எந்த அனுமதியைக் கழிப்பது என்கிற எண்) சேர்க்க வேண்டும்.

அறிகுறி: சீசனில் மைஎஸ்க்யூஎல் தானாகச் சாகிறது

கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை குமுளி வழியாக வண்டிப்பெரியார், சத்திரம், புல்மேடு என்று சபரிமலைக்குப் போகிற கூட்டம் லாட்ஜ் சைட்டுகளையும் முட்டும். எரர் எஸ்டாபிளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்ஷன் என்று சைட் காட்டும். ரீஸ்டார்ட் செய்தால் ஒரு மணி நேரம் ஓடும், மறுபடி சாகும். "ஜர்னல்சிடிஎல் -கே" அடித்து "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடுங்கள். இருந்தால், ரேம் தீர்ந்துபோய் கர்னல் தானே ஒரு புராசஸைக் கொன்றிருக்கிறது. பெரிய உருப்படியைத்தான் அது தேர்ந்தெடுக்கும், அதனால் மைஎஸ்க்யூஎல் பலி. பெரும்பாலும் குற்றம் செய்தது பிஎச்பி.

எப்படி என்றால், பிஎச்பி லாக்கில் "பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் எல்லையை எட்டிவிட்டது, கூட்டுவதை யோசியுங்கள்" என்று ஒரு வரி வரும். அதை நம்பி 5ஐ 50 ஆக்கிவிடுகிறார்கள். ஒரு பிஎச்பி புராசஸ் 60 எம்பி சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 புராசஸ் எழுந்தால் 3,000 எம்பி. சர்வரில் இருப்பதே ஒரு ஜிபி. மைஎஸ்க்யூஎல்லுக்கும் ஓஎஸ்ஸுக்கும் 600 எம்பி ஒதுக்கினால் மிச்சம் 400 சொச்சம். 6 புராசஸ்தான் தாங்கும். அதற்கு மேல் கூட்டம் வந்தால் பக்கங்களை கேஷ் செய்யுங்கள், இல்லையென்றால் அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் பெரிய பிளானுக்கு மாறுங்கள். சின்ன லாட்ஜுக்கு இதுவே மலிவு. ரேம் போதாதபோது உதவுகிற இரண்டு ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று எப்படியும் இருக்கட்டும். அதன் பெர்மிஷன் 600. அதில் ரேமில் இருந்த பாஸ்வேர்டுகளும் எழுதப்படலாம்.

அறிகுறி: எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது, கோப்பு சேமிக்க முடியவில்லை

டிஸ்க் நிறைந்தது. "டிஎஃப் -எச்" பாருங்கள். இடம் இருக்கிறது என்று காட்டினால் "டிஎஃப் -ஐ": ஐநோடு (எத்தனை கோப்பு வைக்கலாம் என்கிற கணக்கு) தீர்ந்திருக்கும், காரணம் லட்சக்கணக்கில் குவிந்த பிஎச்பி செஷன் அல்லது மெயில் கோப்புகள். பெரிய லாக்கை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் ஏதோ சர்வீஸ் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. "எல்எஸ்ஓஎஃப் +எல்1" (எல் பெரிய எழுத்து) காட்டிக்கொடுக்கும், அதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். "ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்" (எம் பெரிய எழுத்து) உடனடி நிம்மதி தரும். மைஎஸ்க்யூஎல் 8 தன் பின்லாக்கை (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு) இயல்பாக 30 நாள் வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்புகளை "ஆர்எம்" போட்டு அழிக்காமல், மைஎஸ்க்யூஎல்லுக்குள் இருந்து "பர்ஜ் பைனரி லாக்ஸ்" கொடுங்கள்.

அறிகுறி: சான்றிதழ் காலாவதி

லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களுக்கு இயல்பாக ஆயுள் 90 நாள்தான். காலாவதி ஆகப்போகிறது என்று அவர்கள் அனுப்பிவந்த மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது, எனவே அதை எதிர்பார்க்க வேண்டாம். "சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்" அடித்து செர்ட்பாட் (சான்றிதழைப் புதுப்பிக்கிற கருவி) வரி இருக்கிறதா பாருங்கள். "செர்ட்பாட் ரென்யூ --ட்ரை-ரன்" கொடுத்துப் பாருங்கள். புதுப்பித்தல் நடந்தும் பிரவுசர் பழையதையே காட்டினால் என்ஜின்எக்ஸ் ரீலோடு ஆகவில்லை. டெப்ளாய் ஹுக்கில் (புதுப்பித்ததும் ஓடுகிற ஸ்கிரிப்ட்) ரீலோடு கட்டளையைச் சேர்த்துவிடுங்கள்.

நோட் ஆப் நேரடியாகச் சான்றிதழைப் படிக்க முயன்று ஈஆக்ஸஸ் என்று விழுந்தால், லெட்ஸ்என்க்ரிப்ட் ஃபோல்டரில் லைவ், ஆர்க்கைவ் இரண்டும் ரூட்டுக்கு மட்டும் திறக்கும்படி 700இல் இருப்பதுதான் காரணம். அவற்றை 755 ஆக்கிப் பிரைவேட் கீயை ஊருக்கெல்லாம் காட்டாதீர்கள். ஆப்புக்கு முன்னால் என்ஜின்எக்ஸை வைத்துச் சான்றிதழ் வேலையை அதனிடமே விடுங்கள். அது முடியாத இடத்தில், அதே டெப்ளாய் ஹுக்கில் கீயை ஆப்பின் குழுவுக்கு 640இல் நகலெடுத்து, ஆப்பை ரீஸ்டார்ட் செய்கிற வரியையும் எழுதிவிடுங்கள்.